களரியும் பல்லியமும்: இதிகாசக் கதைகளில் இசைவழி உணர்வூட்டல் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

இதிகாசக் கதைகளையும் மாயப் புனைவுகளையும் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பார்வையாளரிடத்து எழுப்பும் உணர்ச்சியில் பெரும்பங்கு அவற்றின் பின்னணி இசைக்கே உரியது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வர். வீரன் தோன்றுமுன்னரே அவன் வரவை முரசொலி அறிவித்துவிடுகிறது. பகைவனின் கோட்டை கண்ணிற்படுமுன்னரே தாழ்ந்த பித்தளைக் குழல்களின் ஒலி அச்சத்தை விளைவிக்கின்றது. 1933இல் வெளிவந்த 'கிங் கொங்' தொடக்கம் 2015, 2017ஆம் ஆண்டுகளில் வந்த 'பாகுபலி' ஈறாக இவ்வுத்தி அடிப்படையில் மாறவில்லை. இதனை விளக்க முற்படுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் இசையமைப்பாளனின் மேதைமையை வியந்து அமைவர். மறுசாரார் இது மக்களை மயக்கும் வணிகத் தந்திரம் எனக் கூறி ஒதுக்கிவிடுவர். இரு நோக்கும் வரலாற்றைப் புறந்தள்ளுவன என்பது எமது கருத்தாகும். ஓர் ஒலியைக் கேட்டதும் ஒரு கூட்டம் ஒருங்கே மெய்சிலிர்க்கின்றதெனில் அச்செவிகள் எங்கே, எவரால், எத்தகைய உழைப்பினூடாகப் பயிற்றப்பட்டன என்பதே முதலில் எழவேண்டிய வினா. ஐம்புலன்களின் உருவாக்கம் மனித வரலாறு முழுவதினதும் உழைப்பின் பயன் என்றும், இசையே மனிதனிடத்து இசைப்புலனை எழுப்புகின்றதென்றும் மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிற் குறித்துச் சென்றமை இங்கு நினைவு கொள்ளத்தக்கது.

இவ்வினாவை ஆராய்வதற்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் ஏற்ற களமாக அமைகின்றது. மட்டக்களப்பின் இசை என்றதும் வாவியிற் பாடும் மீன்களைப் பற்றிப் பேசி நிறைவு கொள்வது அறிஞரிடத்தும் ஊறிவிட்ட வழக்கம். மீனைப் பாடவிட்டு மனிதரை மறந்த இவ்வழக்கத்தை நாம் ஈண்டுப் பின்பற்றவில்லை. வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வேளாண்மை செய்து வாழ்ந்த மக்கள் பாரத, இராமாயணக் கதைகளைக் காட்சியாகவும் ஒலியாகவும் தாமே ஆக்கி நுகர்ந்தனர். அவர்களது கர்ணன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மேடை ஏறினான். ஈராண்டுகளின் பின், 1964இல், பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' திரைக்கு வந்தது. ஒரே கதைமாந்தன் ஒரே காலத்தில் இரு வேறு ஒலியுலகங்களில் இறந்தான். இவ்விரு மரணங்களையும் அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும்.

முதலிற் களரியைக் காண்போம். மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். போரும் வீரமும் வடமோடியிற் சிறந்து நிற்பன. களரி வட்டமானது, மக்கள் நாற்புறமும் சூழ்ந்திருப்பர், நடுவே மத்தளத்தோடு அண்ணாவியாரும், சல்லரி தாளம் போடுவோரும், பிற்பாட்டுக்காரரும் நிற்பர். இசைப்போர் அனைவரும் கண்முன்னே நிற்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவுத் தாளக்கட்டு உண்டு. அரசனுக்குரியது கட்டியகாரனுக்கு ஆகாது. பெண் பாத்திரத்தின் வரவு வேறு நடையினது. தாளக்கட்டின் சொற்கள் ஒலித்த மாத்திரத்தே வருபவன் இன்னான் என்பதைக் களரியோரம் அரைத்தூக்கத்திற் கிடக்கும் சிறுவனும் அறிவான். கரப்புடுப்பின் பாரத்தோடும் தலையிற் கெருடத்தோடும் அரசன் சுற்றிவந்து தாளம் தீர்க்கும்போது காலின் சதங்கையும் மத்தளத்தின் தீர்மானமும் ஒரே கணத்தில் வந்து முடியவேண்டும். அக்கணத்திற் கூட்டத்தில் எழும் ஆரவாரம், திரையரங்கில் நாயகனின் வரவுக்கு எழும் ஆரவாரத்துக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று.

களரியிலே ஒலியின்மைக்கும் இடமுண்டு. விருத்தம் பாடப்படும்போது மத்தளம் ஓய்ந்து நிற்கும். தாளத்தின் பிடியிலிருந்து விடுபட்ட தனிக்குரல் மட்டும் இரவிலே நீண்டு செல்லும். பின்னர் தரு தொடங்கி மத்தளம் மீண்டும் விழும்போது அவ்வோசை முன்னையிலும் இரட்டித்த வலிமையோடு நெஞ்சிற் படும். அழுகை, அச்சம், பெருமிதம், வெகுளி முதலாகத் தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளையும் ஒரு மத்தளமும் ஓரிணைத் தாளமும் சில குரல்களும் தாங்கி நின்றமைக்கு இந்த ஓய்வும் ஒலிப்பும் மாறி வரும் ஒழுங்கு ஒரு காரணம் எனலாம்.

ஆயினும் முதன்மையான காரணம் ஒலியின் உள்ளே இல்லை. அது ஒலி உருவான முறையிலே உள்ளது. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனக் கூத்துப் பழக்கம் மாதக்கணக்கில் நீள்வது. பழகுமிடம் ஊரின் நடுவேயுள்ள வெளி. அரங்கேற்ற இரவு வருமுன்னரே தருக்கள் வயலிலும் தோணியிலும் அடுக்களையிலும் பாடப்பட்டு ஊரின் பொதுச்சொத்தாகியிருக்கும். ஆகவே கர்ணன் வீழும் விடியற்பொழுதில் அழுபவர் தாம் அறியாத ஒன்றைக் கேட்டு அழவில்லை. தம் வாயாற் பலமுறை பாடியதைக் கேட்டு அழுகின்றனர். வீழ்பவனும் தம் ஊரவன்; நேற்று வரை பக்கத்து வயலில் நின்றவன். நுகர்வோரும் ஆக்குவோரும் முற்றாகப் பிரிந்திராத ஒரு சமூக நிலையின் அழகியல் இது.

இனித் திரைக்கு வருவோம். 'கர்ணன்' படத்துக்கு இசையமைத்தவர்கள் விசுவநாதனும் இராமமூர்த்தியும். செனாய், சாரங்கி முதலிய வட இந்திய வாத்தியங்களையும் இந்துஸ்தானி இசைச் சாயலையும் கொண்டு பாரத காலத்தை அவர்கள் செவிக்குப் புலப்படுத்தினர். உண்மையிற் பாரத காலத்து ஒலி எத்தகையது என்பதை எவர் அறிவார்? பழமை போலத் தோன்றும் ஒலி ஒன்று தேவைப்பட்டது. அது வடக்கிலிருந்து வந்தது. (மட்டக்களப்பு மக்களும் தம் போர்க்கூத்தை 'வடமோடி' என்றே வழங்கினர் என்பது சுவையான ஒற்றுமை.) கர்ணன் அம்பு தைத்துக் கிடக்க, கண்ணன் வேதியர் வடிவில் வந்து அவன் புண்ணியத்தையே தானமாகக் கேட்குமிடத்தில் ஒலிக்கும் சீர்காழி கோவிந்தராசனின் குரல் தமிழ்கூறும் நல்லுலகெங்கும் கண்ணீரை வரவழைத்தது. 2012இல் அப்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோதும் மக்கள் திரண்டனர். இதனை வெறும் மயக்கம் என்று தள்ளுவது மக்களின் உணர்வை இழிவுபடுத்துவதாகும். அக்கண்ணீர் உண்மையானது, தலைமுறை தலைமுறையாகக் கூத்திலும் கதாப்பிரசங்கத்திலும் பயின்ற செவிகளே அதனைச் சாத்தியமாக்கின.

ஆனால் அவ்விசையை எழுப்பியவர்களை எவரும் காணவில்லை. இம்மறைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் பைறொய்த் நகரில் 1876இல் வாக்னரின் 'நிபெலுங்கர் மோதிரம்' முழுமையாக மேடையேறியபோது, பெரும் வாத்தியக்குழு மூடியமைக்கப்பட்ட பள்ளத்தினுள் அமர்த்தப்பட்டது. ஒலி எங்கிருந்தோ தானே பிறப்பதுபோல் அவையோர்க்குத் தோன்றிற்று. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொருளுக்கும் உரிய இசைக்கூறுகள் மீண்டும் மீண்டும் வந்து கதையை நடத்தின. வியன்னாவிலிருந்து சென்ற மாக்ஸ் ஸ்டைனர் போன்றோர் வழியாக இவ்விரண்டும், அதாவது பாத்திரத்துக்குரிய இசைக்கூறும் மறைந்த வாத்தியக்குழுவும், ஹொலிவூட்டின் பொதுமுறையாயின. ஆக்கப்பட்ட பொருளின் தோற்றத்துக்குள் ஆக்கிய உழைப்பு மறைந்துவிடுவதே வாக்னரின் மாயத்தோற்றம் என்பது அடோர்னோவின் விமரிசனம். சரக்குப் பற்றிய மார்க்சின் ஆய்வை இசைக்குப் பொருத்திய முயற்சி அது.

அடோர்னோவும், பிரெக்டுடன் இணைந்து பணியாற்றிய ஹான்ஸ் ஐஸ்லரும் சேர்ந்து உருவாக்கி 1947இல் வெளிவந்த திரையிசை பற்றிய நூல் மேலும் ஒன்றைச் சுட்டுகின்றது. மீண்டு வரும் இசைக்கூறு பொருள் பெறுவதற்கு நீண்டு விரிந்த இசைப்பரப்பு வேண்டும். துண்டு துண்டாக ஒட்டப்படும் படத்தில் அது பாத்திரத்தின் பெயர்ப்பலகையாகவே சுருங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் பெரிதும் சரியானது. அதனாலேயே ஹொவார்ட் ஷோர் 'மோதிரங்களின் தலைவன்' படங்களுக்கு (2001–2003) அமைத்த இசை கவனத்துக்குரியதாகின்றது. மூன்று படங்களும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்டவை. முதற் படத்தில் சிற்றூரின் அமைதியோடு இணைந்து கேட்ட எளிய மெட்டு, மூன்றாம் படத்தில் அழிவின் நடுவே நலிந்து கேட்கும்போது, கேட்போர் தாமும் நெடுவழி நடந்து வந்தவராக உணர்கின்றனர். ஒன்பது மணி நேரம் என்பது ஏறத்தாழ ஒரு கூத்திரவு. பெருமுதல் மூன்று ஆண்டுகளாகப் பரப்பித் தந்த காலத்தை வாவிக்கரை உழவர் ஓரிரவிலே தமக்குத் தாமே ஈட்டிக்கொண்டனர்.

மற்றொரு வேறுபாட்டையும் நாம் முதன்மையாகக் கருதுகின்றோம். திரையிசையமைப்பாளரும் அண்ணாவியாரும் இருவருமே ஆடும் உடலைப் பார்த்தே இசையைச் செலுத்துகின்றனர். ஆயின் திரையிலுள்ள உடல் முன்னரே வெட்டி ஒட்டி முடிக்கப்பட்டது. அது இனி மாறாது. களரியிலுள்ள உடலோ களைக்கும். கூத்தனின் கால் தளர்வதை அண்ணாவியார் கண்டால் தாளத்தைச் சுருக்கித் தீர்ப்பார். அவன் துள்ளி எழுந்தால் இன்னுமொரு சுற்றுக்கு இடங்கொடுப்பார். உழைக்கும் உடலுக்கும் ஒலிக்குமிடையிலான இவ்வுரையாடலைக் கூட்டம் நேரிற் காண்கின்றது. களரியின் உணர்ச்சி வலிமையில் இதற்குள்ள பங்கு இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தமை ஈழத்து அரங்க வரலாற்றில் ஒரு திருப்பம். 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கிற்குச் செய்ததைத் தமிழுக்குச் செய்யும் முயற்சி அது. 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1968) என்பன தொடர்ந்தன. மாணவரைப் பயிற்றியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். விடியவிடிய நிகழ்ந்தது சில நாழிகைக்குள் அடங்கிற்று. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. கிராமியம் என இகழப்பட்ட கலை கற்றோரின் மதிப்பைப் பெற்றது இதனாலேயே. அதேவேளை, மீள்வரவால் வளரும் உணர்ச்சிக்கு வேண்டிய நீண்ட காலம் குறைந்தது. அவ்விடத்தைச் செறிவும் விரைவும் நிரப்பவேண்டியதாயிற்று. சுருக்கத்தைக் குறைகூறுவது எளிது. கூலிக்கும் அலுவலகத்துக்கும் காலையில் எழவேண்டிய மக்களுக்கு விடியும்வரை இருந்து பார்க்கும் ஓய்வு எங்கிருந்து வரும் என்பதையும் குறைகூறுவோர் எண்ணவேண்டும்.

இதுவரை கூறியதால் களரியைப் பொதுவுடைமைப் பொற்காலமாக நாம் வரைவதாக எவரும் கருதலாகாது. கூத்தைப் புரந்தவர்களிற் போடிமார் முக்கியமானவர்கள். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றனர். பெண்கள் பாடல்களை அறிந்திருந்தும் களரியில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. யாவற்றுக்கும் மேலாக, மட்டக்களப்பின் மிக வலிய தோற்கருவியாகிய பறை மத்தளம் ஒலித்த அக்களரிக்கு வெளியே நின்றது. பறை முழக்குவோர் சாதியடுக்கின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்தனர். கோயிலிலும் இழவு வீட்டிலும் அவர்களது உழைப்பு வேண்டப்பட்டது. அவர்களுக்கெனத் தனியே பறைமேளக் கூத்தும் வளர்ந்தது. ஆயினும் கர்ணனுக்காக அழுத ஊர் பறையைத் தன் கூத்தின் ஒலியாக ஏற்கவில்லை. பைறொய்த்தின் மூடிய பள்ளம் வாத்தியக்காரரை மறைத்தது. இங்கே சாதி அதே வேலையைத் திறந்தவெளியில் செய்தது. விபுலாநந்த அடிகள் சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு பண்டை யாழ்களை மீட்டெடுத்து 1947இல் 'யாழ்நூல்' தந்த பிரதேசமும் இதுவே. மறைந்துபோன யாழுக்குக் கிடைத்த அறிவுலக மதிப்பு, கண்முன் வாழ்ந்த பறைக்குக் கிடைக்க மேலும் பல்லாண்டுகள் சென்றன.

இன்று பாடசாலை மேடைகளிலும் விழாக்களிலும் பதிவிசைக்கு ஆடும் வழக்கம் பரவியுள்ளது. திரைப்படப் பல்லியத்தின் பிரமாண்டம் கைத்தொலைபேசிக்குள்ளேயே கிடைக்கும்போது ஒற்றை மத்தளம் மெலிந்து கேட்பது இயல்பே. ஆனால் பதிவிசை கூத்தனின் களைப்பை அறியாது. அவன் அதனோடு ஓடவேண்டும், அன்றேல் பின்தங்கவேண்டும். இதற்கு எதிரான ஒரு முயற்சியாக, 1990களின் பிற்பகுதியிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உருவான 'இன்னியம்' குறிப்பிடத்தக்கது. விழாக்களில் விருந்தினரை வரவேற்கும் மேலைத்தேய பாண்ட் வாத்தியத்துக்கு மாற்றாக, கூத்தின் ஆடையணிகளோடும் ஆட்டத்தோடும், பறை உள்ளிட்ட உள்ளூர்க் கருவிகளை அது ஒரே அணியில் நிறுத்திற்று. களரி ஏற்காத பறையும் களரியின் ஆட்டமும் அங்கே ஒருங்கு சேர்ந்தன. மாணவர் எவரும் சாதி பாராது பறையைத் தோளில் ஏந்தி நடந்தனர். அதே காலத்தில், பறையடித்தலைத் தம்மீது சுமத்தப்பட்ட இழிவாகக் கண்டு, அக்கருவியையே தொடுவதில்லை என விட்டு விலகிய குடும்பங்களும் உள. பல்கலைக்கழகத்து இளைஞன் பெருமையோடு ஏந்துவதை அவர்களது பிள்ளை ஏன் ஏந்த மறுக்கின்றான் என்பதைக் கூத்திசையின் எதிர்காலம் பற்றிப் பேசும் நாம் அவனிடமே கேட்டறியவேண்டியுள்ளது.