கார்புரேட்டரும் கலவையின் விகிதமும்

பெட்ரோல் முழுவதும் எரிந்து தீர வேண்டுமானால், எடையளவில் அதன் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று கலந்தாக வேண்டும் என்பது இரசாயன சாஸ்திரத்தின் நியதி. எஞ்சின் நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போதும், பாரத்துடன் மேடேறும்போதும் கலவையை இந்த விகிதத்தை ஒட்டியே வைத்திருக்க நிகழ்ந்த இடையறாத பிரயத்தனமே கார்புரேட்டரின் சரித்திரம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆரம்பகாலக் கருவிகள் ஆவியாதலை நம்பியிருந்தன. 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், லிக்ராயின் என்ற இலேசான பெட்ரோலிய வடிபொருளின் பரப்பின்மீது காற்று தவழ்ந்து, அதன் ஆவியைச் சுமந்துகொண்டு சிலிண்டரை அடைந்தது. ஆயினும் திரவத்தின் இலேசான அம்சங்கள் முதலில் பறந்துவிட, கனமானவை அடியில் தங்கிவிடுமாதலால், கலவையின் தன்மை பயணத்தின் தொடக்கத்தில் ஒன்றாகவும் இறுதியில் வேறாகவும் இருந்தது.

இந்தப் பராதீனம் நீங்கிய ஆண்டு 1893. அவ்வாண்டு பிப்ரவரியில் ஹங்கேரியின் தோனாத் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும், ஆகஸ்டில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மைபாக்கும், பெட்ரோலைத் துளி துளியாகச் சிதறடித்துக் காற்றில் கலக்கும் முறைக்குத் தனித்தனியே உரிமை கோரினர். ஒரு மிதவை பெட்ரோலின் மட்டத்தை, ஜெட் எனும் நுண்துளைக் குழலின் வாய்க்குச் சற்றுக் கீழே நிலைநிறுத்தும். குறுகிய கழுத்தில் விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறையும் என்று 1797-இல் வெந்தூரி விளக்கிய தத்துவத்தின்படி, அந்தக் குறைவே பெட்ரோலை மேலே இழுத்துத் தெளிக்கும்.

தெளிக்கும் வித்தை இவ்வளவு விரைவில் கைவந்தது, விகிதம் வசப்படவில்லை. காற்றோட்டம் மிகுந்தோறும் கழுத்தில் காற்றின் அடர்த்தி தளர்கிறது. பெட்ரோலோ திரவமாதலால் தன் அடர்த்தியை இழப்பதில்லை. ஆகவே வேகம் ஏற ஏறக் கலவை தடிக்கும். மறுபுறம், காற்று மெல்ல ஓடும்போது இழுப்பு போதாமல் பெட்ரோல் மேலெழவே தயங்கும். இவ்விரு குறைகளுக்கும் கண்ட பரிகாரங்களே பின்வந்த அபிவிருத்தி முழுவதும் என்று கூறினும் மிகையாகாது. பிரான்சின் பவரே, வேகம் கூடும்போது கலவையை மெலிவிக்கும் இரண்டாவது ஜெட் ஒன்றைச் சேர்த்துச் சமன் செய்தார். இங்கிலாந்தின் ஸ்கின்னர் சகோதரர்களோ, காற்றின் தேவைக்கேற்பக் கழுத்தே விரிந்து சுருங்குமாறு அமைத்தனர். அவர்களது முதற்கருவிகளில் அந்த வேலையைத் தோல் துருத்தி ஒன்று செய்தது. காலணி வியாபாரக் குடும்பத்தினருக்குத் தோல் பழகிய பொருளன்றோ!

மோட்டார் சைக்கிளின் சிறு கருவியில் இப்பரிகாரங்கள் மிகச் செறிவாக ஒன்றுகூடின. 1927-இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து பிறந்த பர்மிங்ஹாமின் அமல் நிறுவனம் இதில் முன்னணி வகித்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஸ்லைடு மேலே எழும். காற்றின் வழி விரியும். ஐட்லிங்கில் ஓட்டத்தைக் காப்பது பைலட் ஜெட். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு திறப்பிலிருந்து, ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டிய விளிம்பு கலவையை ஆளும். காற்பங்கு முதல் முக்காற்பங்கு வரை ஆட்சி, ஸ்லைடுடன் சேர்ந்தெழும் ஊசியினுடையது. நுனி நோக்கிக் கூராகிச் செல்லும் அந்தப் பித்தளை ஊசி எழுந்தோறும், அதைச் சூழ்ந்த வளைய இடைவெளி அகன்று பெட்ரோலை மிகுதியாக விடும். அதற்குமேல் மெயின் ஜெட்டே எல்லை வகுக்கும். ஊசியின் தலையிலுள்ள வரிப்பள்ளங்களில் கிளிப்பை ஒரு படி கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து கலவை தடிக்கும். மேலே மாட்டினால் மெலியும். தடித்தால் பிளக்கில் கரி படியும், மெலிந்தால் வெளுக்கும், பொருந்தினால் இளம் பழுப்பு நிறம் காட்டும். கணிதக் கருவி ஏதுமின்றி மெக்கானிக்கின் கண்ணுக்கே விகிதம் புலனாகும்படி அமைந்த இந்த ஏற்பாட்டை இயந்திரக் கலையின் உன்னத சிருஷ்டிகளுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

புகையில் எஞ்சும் நச்சுப் பொருள்களுக்குச் சட்டம் வரம்பு விதிக்கத் தொடங்கியபின் அந்தக் கண்ணளவு போதாதாயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ்.-6 விதிகளையொட்டி, டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 போன்ற எளிய மொபெட்டும் கார்புரேட்டரைத் துறந்து மின்னணுப் பீச்சுமுறையை ஏற்றது. அம்முறையில் ஓட்டுபவரின் கை காற்றை மட்டுமே திறந்து மூடுகிறது. அக்காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கணித்துப் பீச்சும் பொறுப்பு மின்னணுச் சாதனத்தைச் சார்ந்துவிட்டது.