டெம்பெல்ஹோஃப் திடல்: பெர்லின் நகரப் பூங்காவும் சமுதாயத் தோட்டங்களும்

முன்னுரை

நகரின் திறந்தவெளி யாருக்கு உரியது என்னும் வினா, பெர்லின் மாநகரின் டெம்பெல்ஹோஃப் திடலை முன்னிட்டுப் பொதுவாக்கெடுப்பு வரை சென்றது. மூடப்பட்ட வானூர்தி நிலையம் பூங்காவான வரலாற்றையும் அங்குள்ள சமுதாயத் தோட்டங்களின் இயல்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திடலின் வரலாறு

இடைக்காலத்தில் தெம்ப்ளர் என்னும் கிறித்தவ வீரத்துறவியருக்கு உரியதாக இருந்தமையால் இப்பகுதி இப்பெயர் பெற்றது. பின்னர்ப் பிரஷ்யப் படையின் அணிவகுப்புத் திடலாயிற்று. 1923இல் வானூர்தி நிலையம் தொடங்கப்பட்டது. நாஜி ஆட்சியின் தொடக்கத்தில் இதனருகே இருந்த கொலம்பியா சிறை வதைமுகாமாகச் செயல்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது போர் வானூர்திப் பணிகளில் கட்டாயத் தொழிலாளர் ஈடுபடுத்தப்பட்டனர். சோவியத் முற்றுகையின்போது (1948-49) மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் வந்திறங்கிய தளங்களுள் இதுவும் ஒன்று. 2008 அக்டோபரில் நிலையம் மூடப்பட்டது. 2010 மே மாதம், ஓடுபாதைகள் மாற்றப்படாமலேயே, 300 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு பூங்காவாகத் திறக்கப்பட்டது.

தோட்டங்களின் இயல்பு

பெர்லினில் 19ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் சிறுதோட்டங்கள் வேலியிட்ட தனிமனைகள். குத்தகைதாரரே அவற்றைப் பயன்படுத்துவர். 2011இல் திடலின் கிழக்குப்பகுதியில் தோன்றிய ‘அல்மெண்டெ-கொன்டோர்’ தோட்டம் இம்மரபிலிருந்து வேறுபடுகிறது. ‘அல்மெண்டெ’ என்பது ஊர்ப் பொதுநிலத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல். இங்கு வேலியில்லை, பார்வையாளர் பாத்திகளுக்கிடையே நடந்து செல்லலாம். அனுமதி தற்காலிகமானது ஆதலால், நிலத்தைத் தோண்டாமல் பழைய பலகைகளாலும் பெட்டிகளாலும் அமைத்த மேட்டுப்பாத்திகளிலேயே காய்கறிகளும் மூலிகைகளும் வளர்க்கப்படுகின்றன.

வாக்கெடுப்பு

திடலின் ஓரங்களில் ஏறத்தாழ 4,700 குடியிருப்புகளையும் ஒரு நூலகத்தையும் கட்ட நகர அரசு திட்டமிட்டது. வீட்டுப்பற்றாக்குறை அதன் வாதம். திறந்தவெளி ஒருமுறை இழக்கப்பட்டால் மீளாது என்பது எதிர்ப்பாளர் வாதம். 2014 மே 25இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் திடலைக் காக்கும் சட்டத்தை ஆதரித்தனர். ஏதிலியருக்குத் தற்காலிக உறைவிடம் அமைக்க 2016இல் இச்சட்டம் திருத்தப்பட்டது.

முடிவுரை

தோட்டக்காரர்க்கு நிலவுரிமை இல்லை. பாத்திகளும் மண்ணில் ஊன்றப்பட்டவை அல்ல. எனினும், வெற்றிடமாகக் கருதப்பட்ட நிலம் அன்றாடப் பயன்பாட்டால் பொதுவுடைமையாக உணரப்படுவதற்கு இவை சான்றாகின்றன. வாக்கெடுப்பு திடலைக் காத்தது, வீட்டுத்தேவையைத் தீர்க்கவில்லை. நகரப் பூங்கா குறித்த ஆய்வுகள் இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோடுதல் வேண்டும்.