பொருட்பெயரிலிருந்து வணிகப்பெயருக்கு: இந்திய இல்லத் தூய்மைப் பொருள்களின் வரலாறும் தேர்வு நெறியும்

முன்னுரை

ஒரு சமூகத்தின் புழங்குபொருள் வரலாற்றை அறிவதற்கு அச்சமூகத்தின் சொற்கள் சிறந்த சான்றுகளாக அமைகின்றன. உணவு, உடை, அணிகலன் ஆகியன குறித்து ஆய்வுகள் பல நிகழ்ந்துள்ளன. ஆயின், உண்ட கலத்தையும் உடுத்த ஆடையையும் வாழ்ந்த இல்லத்தையும் தூய்மை செய்த பொருள்கள் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. இன்று இல்லத் தூய்மைக்கு நச்சற்ற பொருள்களைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்னும் வினா பரவலாக எழுப்பப்படுகிறது. ‘இயற்கைக்குத் திரும்புக’ என்பதே அதற்குப் பெரும்பாலும் விடையாகக் கூறப்படுகிறது. பழம்பொருள்களின் பாதுகாப்பு அவை இயற்கையானவை என்பதில் இருந்ததா, அன்றி அவற்றைப் பயன்படுத்தியோர் அவை இன்னவை என அறிந்திருந்ததில் இருந்ததா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல்கள் காட்டும் தூய்மைப் பொருள்கள்

இந்தியப் பழநூல்களுள் தூய்மைப் பொருள்களை வகைப்படுத்திக் கூறுவனவற்றுள் மனு தரும சாத்திரம் ஒன்று. அதன் ஐந்தாம் இயல் பட்டிற்கும் கம்பளி ஆடைக்கும் உவர்மண்ணையும், மயிர்க் கம்பளத்திற்குப் பூந்திக்கொட்டையையும், நுண்ணிய பட்டாடைக்கு வில்வக் காயையும், நாராடைக்கு வெண்கடுகையும் விதிக்கிறது. செம்பு, இரும்பு, பித்தளை, ஈயம் முதலிய உலோகக் கலங்களுக்குக் காரமும் புளிப்பும் நீரும் கூறப்படுகின்றன. இந்நூலின் நோக்கம் சடங்குத் தூய்மையே என்பதை மறத்தல் ஆகாது. எனினும், இழைக்கேற்ற பொருள், உலோகத்திற்கேற்ற பொருள் எனப் பகுத்தறியும் நடைமுறை அறிவு அக்காலத்தில் நிலைபெற்றிருந்தது என்பது இதனால் பெறப்படுகிறது.

சங்க இலக்கியம் சடங்கினை விடுத்துத் தொழிலைக் காட்டுகிறது. ஔவையார் பாடிய புறநானூற்று 311ஆம் பாடலில், களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் ஆடை வெளுக்கும் புலைத்தி இடம்பெறுகிறாள். நன்னீர் நிலத்தை விடுத்துக் களர்நிலத்தை அவள் நாடியமை கருதத்தக்கது. வெண்மையாக்கும் ஆற்றல் அந்நிலத்தின் உவரில் உள்ளது என்பதை அவள் அறிந்திருந்தாள் எனக் கொள்ளலாம். குறுந்தொகையின் 330ஆம் பாடல், கஞ்சிப்பசையில் தோய்த்து எடுத்த ஆடையைக் குளத்துநீரில் இடும் புலைத்தியைக் காட்டி, முறுக்குண்டு கிடக்கும் அவ்வாடையைப் பகன்றைப் பூவிற்கு உவமையாக்குகிறது. வெளுத்தல், பசையிடல் ஆகிய இரு நிலைகளும் அக்காலத்தே தனித்தனி வினைகளாக வளர்ந்திருந்தன என்பதற்கு இவை சான்றுகளாகின்றன.

வட இந்தியச் சமவெளியில் நிலத்தின்மேல் பூக்கும் உவரை ‘ரேஹ்’ என்பர். தமிழகத்தில் அதனை உவர்மண், சவுட்டுமண் என வழங்கினர். உவர்நீரில் தோய்த்த ஆடைகளைக் கொதிநீர்ப் பானையின்மேல் அடுக்கி ஆவியில் அவிக்கும் முறைக்கு வெள்ளாவி என்று பெயர். உவர்மண்ணின் அழுக்கு நீக்கும் ஆற்றலுக்குக் காரணம் அதிலுள்ள சோடியம் கார்பனேட்டு ஆகும். இன்று கடைகளில் சலவைச் சோடா என விற்கப்படுவதும் அதே சேர்மமே. அடுப்புச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டும் புளியில் டார்டாரிக் அமிலமும் உள்ளன. முன்னது எண்ணெய்ப் பிசுக்கையும் பின்னது பித்தளையின் களிம்பையும் நீக்குகின்றன. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள சப்போனின் நுரைத்து அழுக்கை விடுவிக்கிறது.

பழமையும் தீங்கின்மையும்

இப்பொருள்கள் அனைத்தும் தீங்கற்றவை எனக் கொள்வது பொருந்தாது. பூந்திக்கொட்டையின் சப்போனின் மீன்களுக்கு நஞ்சாகும். அதன் காயை நசுக்கி நீர்நிலையில் இட்டு மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் இந்தியாவில் இருந்துள்ளது. அது கண்ணில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும். சுவருக்குத் தூய்மையும் வெண்மையும் தந்த சுண்ணாம்பு, நீற்றும் பொழுது கொதித்துத் தெறித்தால் பார்வையையே பறிக்க வல்லது. உவர்நீரில் நாளெல்லாம் நின்று வெளுப்போரின் கைகால்களில் தோல் வெடிப்பு ஏற்படுவதும் இயல்பே.

எனினும், இப்பொருள்களின் தீங்கு மறைந்திருக்கவில்லை. சுண்ணாம்பு சுடும், சீயக்காய் கண்ணை எரிக்கும், உவர் தோலை அரிக்கும் என்பன வீடுதோறும் அறியப்பட்டிருந்தன. பொருளின் பெயரே பொருளின் தன்மையைச் சுட்டியது. ‘உவர்மண்’ என்னும் சொல் சுவையையும் மூலத்தையும் ஒருங்கே கூறுகிறது. வடமொழியில் பூந்திக்கொட்டைக்கு வழங்கும் ‘பேனிலம்’ என்னும் பெயர் நுரையை உணர்த்துகிறது. தமிழில் முன்பு சோப்பிற்கு வழங்கிய ‘சவுக்காரம்’, ஈழத் தமிழில் இன்றும் வழங்கும் ‘சவர்க்காரம்’ ஆகிய சொற்களில் ‘காரம்’ என்னும் பொருட்பெயர் வெளிப்பட நிற்கிறது. இவ்வகைப் பெயர்களைப் பொருட்பெயர்கள் எனலாம். பெயரைக் கேட்டவர் பொருளையும், பொருளை அறிந்தவர் அதன் எல்லையையும் அறிந்தனர்.

ஆடைக்குக் காவல்

தூய்மைத் தொழிலை அரசும் கண்காணித்தது. கௌடலீயரின் பொருள்நூல், வண்ணார் மரப்பலகையிலோ வழவழப்பான கல்லிலோ மட்டுமே துவைத்தல் வேண்டும் என்றும், மாறாகத் துவைத்து ஆடைக்குக் கேடு விளைத்தால் இழப்பீட்டுடன் ஆறு பணம் தண்டமும் செலுத்த வேண்டும் என்றும் விதிக்கிறது. சோழர் காலச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் ‘வண்ணாரப்பாறை’ என்னும் வரி குறிக்கப்படுகிறது. துவைக்கும் பாறைக்கும் வரி இருந்தது. துவைப்பவருக்கு ஈரங்கொல்லி என்னும் பெயரும் இருந்தது. ஆயின், துவைக்கும் கையின் நலம் குறித்து இவ்விதிகள் பேசவில்லை. தூய்மையை உண்டாக்கியவர்களையே தூய்மையற்றவர்களாக ஒதுக்கிய சமூக அமைப்பில் இது வியப்பன்று. தூய்மைப் பொருளின் பாதுகாப்பை ஆராயும்பொழுது ‘யாருக்குப் பாதுகாப்பு?’ என்னும் வினாவும் உடன் எழ வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. இன்றும் அமிலக் குப்பியைத் திறப்பவர் பெரும்பாலும் அதனை வாங்கிய குடும்பத் தலைவர் அல்லர். இல்லத்தரசியோ வீட்டுப் பணியாளரோ துப்புரவுத் தொழிலாளரோ ஆவர்.

வணிகப்பெயரின் வருகை

கி.பி. 1888இல் இலீவர் நிறுவனத்தின் ‘சன்லைட்’ சோப்புக் கட்டிகள் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. இந்திய முயற்சிகளும் பின்தொடர்ந்தன. பிரபுல்ல சந்திர ராய் தோற்றுவித்த பெங்கால் கெமிக்கல்ஸ் 1901இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. அது பின்னாளில் பினாயில் தயாரிப்பிலும் புகழ் பெற்றது. சோப்பு கொழுப்பும் காரமும் வினைபுரிந்து உண்டாவது. ஆகவே, அடிப்படையில் அது பழைய உவரினின்றும் வெகுதொலைவு விலகியதன்று.

பெருமாற்றம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது. 1959இல் ‘சர்ஃப்’ என்னும் செயற்கைச் சலவைத்தூள் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1969இல் குஜராத்தில் கர்சன்பாய் பட்டேல் ‘நிர்மா’ தூளைத் தொடங்கினார். சோப்பு உப்புநீரிலும் கடினநீரிலும் திரிந்து படிவாகிவிடும். செயற்கைச் சலவைத்தூள் அவ்வாறு திரிவதில்லை. கிணற்று நீரை நம்பிய குடும்பங்களுக்கு இது பெரும் உதவியாயிற்று. நிர்மாவின் குறைந்த விலை எளிய குடும்பங்களுக்கும் சலவைத்தூளைக் கொண்டு சேர்த்தது. இந்நன்மைகளை மறுத்தல் வரலாற்று நோக்கிற்கு ஏலாது.

எனினும், மொழியில் நிகழ்ந்த மாற்றம் கவனத்திற்குரியது. ‘சர்ஃப்’ என்பதோ ‘நிர்மா’ என்பதோ பொருளின் மூலத்தையும் தன்மையையும் கூறுவதில்லை. பின்னது நிறுவனரின் மகள் பெயரினின்றும் அமைந்தது. மக்கள் வழக்கில் எந்தச் சலவைத்தூளும் ‘சர்ஃப்’ ஆயிற்று. பொருட்பெயர் இருந்த இடத்தில் வணிகப்பெயர் அமர்ந்தது. ‘ஆசிட்’, ‘பிளீச்சிங் பவுடர்’ போன்ற சொற்கள் ஓரளவு பொருளைச் சுட்டின. அந்துப்பூச்சியை விலக்குவதால் நாப்தலின் ‘அந்துருண்டை’ எனப் பயன்வழிப் பெயர் பெற்றது. ஆயின், அதன் ஆவி சில பிறவி நொதிக் குறைபாடு உடைய குழந்தைகளின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதை அப்பெயர் உணர்த்துவதில்லை. ஆடைப்பெட்டியில் நெடுநாள் அந்துருண்டையுடன் இருந்த துணியைக் குழந்தைக்குச் சுற்றுவது இடர் தரும் என்பதும் பல இல்லங்களில் அறியப்படாததே.

நீரும் காற்றும்

பெயர் மறைத்த பொருள் நீர்நிலைகளில் வெளிப்பட்டது. சலவைத்தூளில் நீரை மென்மையாக்கச் சேர்க்கப்பட்ட பாஸ்பேட்டுகள் ஏரிகளில் பாசியையும் களையையும் பெருகச் செய்தன. பாசி மடிந்து அழுகுகையில் நீரின் உயிர்வளி குறைந்து மீன்கள் மாள்கின்றன. 2015இல் பெங்களூரு பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றியது. தில்லியில் ஓக்லா தடுப்பணையை ஒட்டி யமுனையில் நுரை மலையெனத் திரண்டதைக் கண்டோர் பலர். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதிலுள்ள நுரைக்கும் சேர்மங்களும் பாஸ்பேட்டும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2021இல் தில்லி அரசு, இந்தியத் தர நிறுவனத்தின் திருத்திய அளவுகளுக்குப் பொருந்தாத சோப்புகளையும் சலவைத்தூள்களையும் விற்கத் தடை விதித்தது. களர்க்கிணற்றில் வெளுத்த காலத்து அழுக்கு நிலத்திலேயே தங்கியது. இன்று வீட்டுச் சாக்கடை ஆற்றில் முடிகிறது.

காற்றில் விளையும் கேடு இன்னும் விரைவானது. கழிவறை தேய்க்கும் அமிலத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், வெளுக்கும் நீர்மத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் உள்ளன. இரண்டும் கலந்தால் குளோரின் வளி வெளிப்படும். அடைத்த குளியலறையில் அது மூச்சையே நிறுத்தவல்லது. வெளுக்கும் நீர்மத்துடன் அம்மோனியா கலப்பினும் குளோரமைன் என்னும் நச்சுவளி தோன்றும். இயற்கையானது எனப் போற்றப்படும் வினிகரை அதனுடன் கலப்பினும் குளோரினே விளையும். குப்பிகளின் மேல் வேறுவேறு வணிகப்பெயர்கள் இருப்பதால், அவற்றுள் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் இருப்பது அறியப்படாமல் போகிறது. அமிலத்தின் மற்றொரு கொடிய பயன்பாட்டைக் கருதி உச்ச நீதிமன்றம் 2013 சூலையில் அதன் சில்லறை விற்பனையைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது; வாங்குவோரின் அடையாளமும் நோக்கமும் பதிவு செய்யப்பட வேண்டும் எனவும், 18 வயதிற்குக் குறைந்தோர்க்கு விற்றல் கூடாது எனவும் விதித்தது.

தேர்வு நெறிகள்

மேற்கூறிய வரலாற்றினின்றும் சில நெறிகளை வகுக்கலாம். முதலாவது, வணிகப்பெயரை விடுத்துப் பொருட்பெயரைத் தேடுதல். குப்பியின் பின்புறத்தில் சேர்மப்பெயர்களும் எச்சரிக்கையும் அச்சிடப்பட்ட பொருளையே வாங்குதல் வேண்டும். ‘இயற்கை’, ‘மூலிகை’ என்பன பொருட்பெயர்கள் அல்ல. அவையும் விளம்பரச் சொற்களே.

இரண்டாவது, அழுக்கிற்கேற்ற பொருளைத் தேர்தல். பிசுக்கிற்குச் சலவைச் சோடாவும் சோப்பும், உப்புப்படிவிற்கும் களிம்பிற்கும் எலுமிச்சை, புளி, வினிகர் ஆகியனவும் போதும். சலவைச் சோடாவைக் கையாளும்பொழுது கையுறை அணிதல் நன்று. சமையற் சோடாவையும் வினிகரையும் கலந்து பயன்படுத்துவதில் பயனில்லை. காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிடும்.

மூன்றாவது, அழுக்கு நீக்கலையும் கிருமி நீக்கலையும் வேறுபடுத்துதல். நாள்தோறும் தரையைத் துடைக்கச் சோப்புநீர் போதுமானது. தொற்றுநோயாளர் உள்ள இல்லத்தில் ஹைப்போகுளோரைட்டு தேவைப்படலாம். அப்பொழுது உரிய அளவில் நீர்த்து, சாளரங்களைத் திறந்து வைத்து, வேறெதனுடனும் கலவாமல் பயன்படுத்துதல் வேண்டும். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது மனிதர்மீதே கிருமிநாசினி தெளிக்கப்பட்ட நிகழ்வுகள் இவ்வேறுபாடு அறியப்படாமையின் விளைவாகும். அவ்வாறு தெளித்தல் கூடாது என உலகச் சுகாதார நிறுவனம் அவ்வாண்டே அறிவுறுத்தியது.

நான்காவது, குப்பி மாற்றாமை. அமிலத்தையும் பினாயிலையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது, எஞ்சியிருந்த பெயரையும் அழிப்பதாகும். எழுதப் படிக்க அறியாதோர் புழங்கும் இல்லத்தில் அதன் விளைவு உயிரிழப்பாகவும் முடியலாம்.

அரசளவிலும் முயற்சி நிகழ்ந்துள்ளது. 1991இல் நடுவண் அரசு மட்குடத்தைச் சின்னமாகக் கொண்ட ‘ஈகோமார்க்’ திட்டத்தை அறிவித்தது. சோப்பும் சலவைப்பொருளும் அதன் வகைகளுள் அடங்கின. ஆயின், தன்விருப்பத்தின்பாற்பட்ட அத்திட்டத்தில் உற்பத்தியாளர் பெரிதும் நாட்டம் காட்டவில்லை. 2024இல் அதற்குப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. இச்சின்னத்துடன் சேர்மப்பெயர்களும் வட்டார மொழிகளில் தெளிவாக இடம்பெறுமாயின், அது பயனுடையதாகும்.

முடிவுரை

இந்திய இல்லங்களின் தூய்மைப் பொருள் வரலாறு இயற்கையிலிருந்து செயற்கைக்கு வீழ்ந்த வரலாறு அன்று. பழம்பொருள்களிலும் நஞ்சு இருந்தது. புதுப்பொருள்களிலும் நன்மை உண்டு. மாறியது அறிவின் இருப்பிடமே. களர்நிலத்தில் கிணறு தோண்டிய பெண்ணிடம் இருந்த பொருளறிவு தொழிற்சாலைக்குப் பெயர்ந்தது; பயன்படுத்துவோரிடம் வணிகப்பெயர் மட்டும் எஞ்சியது. எனவே, பாதுகாப்பான தேர்வு என்பது பழமையை மீட்பதைக் காட்டிலும் பொருட்பெயரை மீட்பதாகும். வேதியியற் சொற்களைத் தெளிந்த தமிழில் தருவதும், அவற்றைப் பள்ளிப் பாடத்தோடு நிறுத்தாமல் வீட்டுக் குப்பியின் மேலும் இடம்பெறச் செய்வதும் மொழித்துறையினரின் கடமையாகின்றன. குப்பியைக் கையில் எடுப்பவர் அதிலுள்ள பொருளைத் தம் மொழியில் அறியும் உரிமை உடையவர். அவ்வுரிமை நிறைவேறாதவரை, ஆடைக்குக் காவல் வகுத்துக் கைக்குக் காவல் வகுக்காத பழைய குறை தொடரவே செய்யும்.