ரயில் இல்லாத ஊரின் கார் ஆசை

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979 ஏப்ரல் மாதம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரைக்கும் முதலில் பாதை போட்டார்கள். இந்தப் பக்கம் திருநெல்வேலியோடு இணைப்பு கிடைக்க 1981 ஆகிவிட்டது. திருநெல்வேலி 1876லேயே ரயிலைப் பார்த்துவிட்ட ஊர். திருவனந்தபுரத்துக்கு 1918ல் வந்தது. நடுவில் இருந்த நாம் மட்டும் நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், நம்ம ஊர்க்காரர்களுக்கு வண்டிகள் மேல் இருக்கிற பிரியத்துக்கு இதுதான் காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம். வேறு ஊர்களில் என் வயதுக்காரர்கள் இளமைக் காலத்தைப் பேசினால் ரயில் வந்துவிடும். நம்மவர்கள் பேசினால் பஸ்தான் வரும். எந்த பஸ், எந்த டிரைவர், ஆரல்வாய்மொழியில் எத்தனை மணிக்கு வரும் என்று பேச்சு போகும்.

பெயர்களையும் கவனித்திருப்பீர்கள். நம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு 'கார்' என்றால் பஸ்தான். "காருக்கு நேரமாச்சு, சீக்கிரம் வா" என்று சொன்னால் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள் என்று அர்த்தம். இன்றைக்கு நாம் கார் என்கிறதை அவர்கள் 'பிளஷர்' என்றார்கள். பிளஷர் கார் என்ற ஆங்கிலப் பேச்சில் பின்பாதி உதிர்ந்து முன்பாதி மட்டும் நின்றது. சுகத்துக்கு ஓடுவது பிளஷர், தேவைக்கு ஓடுவது கார். பெயர் வைத்த ஆள் யாரோ, விவரமான ஆள்.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு மொழியில். அப்பாவுக்கு அங்கே ஒரு மில்லில் கணக்கு வேலை. அம்மைக்குப் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1ல் இந்தியாவிடம் வந்தது. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1ல், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அப்பா வேலை பார்த்த ஊர், அம்மை பிறந்த ஊர் இரண்டுக்குமே நவம்பர் 1 முக்கியமான தேதி என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

பிரெஞ்சில் படித்ததால் எனக்கு ஒரு சின்ன லாபம். மோட்டார் சம்பந்தமான சொற்களில் பாதி பிரெஞ்சிலிருந்து வந்தவை. கராஜ், ஷாஸி, கார்புரேட்டர், ஆட்டோமொபைல் எல்லாமே அந்தக் குடும்பம்தான். நாம் பெரிய மனிதர்களின் டிரைவரை 'ஷோஃபர்' என்கிறோமே, அதற்கு மூல அர்த்தம் 'சூடேற்றுகிறவன்', அதாவது அடுப்பு மூட்டுகிறவன். முதலில் வந்த வண்டிகள் நீராவியில் ஓடியவை. ஓட்டுவதற்கு முன்னால் பாய்லரில் நெருப்புப் போட வேண்டும். 1769ல் கியூனியோ என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் பீரங்கி இழுக்க ஒரு நீராவி வண்டி செய்தார். மூன்று சக்கரம், ஆள் நடக்கிற வேகம். எங்கள் வாத்தியார் இதைச் சொன்னபோது, நெருப்பு மூட்டி ஓட்டுகிற அந்த வண்டியை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்தேன்.

பாண்டிச்சேரியில் 'பூஸ் பூஸ்' என்று ஒரு வண்டி பழைய நாளில் உண்டு. பிரெஞ்சில் 'தள்ளு தள்ளு' என்று பொருள். ஆள் பின்னால் நின்று தள்ளுவான். உள்ளே உட்கார்ந்திருக்கிற துரை முன்சக்கரத்தோடு இணைந்த கம்பியைப் பிடித்துத் திருப்புவார். நான் பார்த்தது படத்தில்தான். தள்ளுகிறவன் ஒருத்தன், திசையை முடிவு செய்கிறவன் வேறு ஒருத்தன். நம் நாட்டில் சாலைகளின் கதையே ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழ்நாட்டில் மோட்டார் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903ல் ஒரு நீராவிக் கார் செய்து ஓட்டினார். பிறகு திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911ல் தொழில் தொடங்கி பஸ் விட ஆரம்பித்தார். அதுதான் டி.வி.எஸ். திருக்குறுங்குடி நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், எட்டிப் பிடிக்கிற தூரம்.

நாம் அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிகள். திருவிதாங்கூரில் மோட்டார் முதலில் பேசப்பட்டது ஒரு துக்கச் செய்தியாக. 1914ல் மலையாளத்தின் பெரும்புலவர் கேரள வர்மா வலிய கோயித் தம்புரான் காயங்குளம் அருகே கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். குறுக்கே வந்த நாய்க்கு விலகப் போய் வண்டி கவிழ்ந்தது என்பார்கள். கூட இருந்த மருமகன் ஏ.ஆர். ராஜராஜ வர்மா, அவரும் பெரிய இலக்கண ஆசிரியர், தப்பித்தார். அன்றைக்குத் திருவிதாங்கூரில் காரில் போகிறவர்கள் அந்த மாதிரி ஆட்கள்தான். அரண்மனை, திவான், வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. சாதாரண ஆளுக்கு மாட்டு வண்டியும் காலும்.

காலும் எல்லாத் தெருவிலும் போக முடியாது. இதை இப்போதுள்ள பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு சாரார் நடக்கக் கூடாது என்றிருந்தது. வைக்கம் போராட்டம் முடிந்த கையோடு 1926ல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது. நாகர்கோவில் டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு முன்னின்றார். 1930ல் மறுபடியும் நடந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் அந்தக் கணக்கு தீர்ந்தது.

பஸ்ஸிலும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கிற பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அப்படி ஒரு உத்தரவு தேவைப்பட்டது என்றால் அதற்கு முன் என்ன நடந்தது என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பிரகடனம் வந்து பதினைந்து மாதத்தில் திருவிதாங்கூரில் சர்க்கார் பஸ் வந்தது. 1938 பிப்ரவரி 20. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்த ஈ.ஜி. சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை 1937ல் வரவழைத்து அந்தத் துறையின் சூப்பிரண்டாகப் போட்டிருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து கொமர் ஷாஸி அறுபது வந்தது. பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். பாடி இங்கேயே கட்டப்பட்டது. தொடக்க நாளில் மகாராஜாவும் குடும்பத்தாரும் முதல் பயணிகள். ஓட்டியவர் சால்ட்டரேதான். கண்டக்டர், இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்தார்களாம். அரசாங்கம் முதலில் எடுத்துக்கொண்ட தடம் எது தெரியுமா? திருவனந்தபுரம் – கன்னியாகுமரி. நம்ம சாலை.

களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் தாண்டி, சுசீந்திரம் வழியாகத்தான் அந்த பஸ் கன்னியாகுமரி போகும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருவில் நடக்கத் தடியடி வாங்கிய ஊரைத் தாண்டி, டிக்கெட் எடுத்த எவரும் உட்கார்ந்து போனார்கள். எங்கள் பாட்டி, அம்மையைப் பெற்றவள், அந்தத் தெருக்களில் நடக்க முடியாதவர்களில் ஒருத்தி. பஸ் வந்தபோது அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது சொல்லுவாள்: "மக்களே, அந்தக் காருல கேறி இருந்தா பக்கத்துல இருக்கது ஆருன்னு கேக்கப்பிடாது. கேட்டாலும் அவன் எறங்கணும், நான் எறங்க மாட்டேன்." பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவள். முதல் பயணத்தின் டிக்கெட்டை ரொம்ப நாள் வெத்திலைப் பெட்டியில் வைத்திருந்தாளாம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. கரிவாயு பஸ்கள் ஓடின. வண்டிக்குப் பின்னால் ஒரு பெரிய உலை. கிளீனர் காலையில் எழுந்து கரியைப் போட்டு, விசிறியைச் சுற்றி, வாயு வந்த பிறகுதான் வண்டி கிளம்பும். டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கரிவாயு உலைகளைச் செய்து விற்றது. மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். அடுப்பு மூட்டுகிறவன் என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு நம் ஊர்ச் சாலையில் மறுபடி வேலை கிடைத்தது.

எனக்குப் பித்து பிடித்தது இதற்கெல்லாம் பிற்பாடு, ஐம்பதுகளின் கடைசியில். கோடை விடுமுறைக்கு விழுப்புரத்தில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் திருநெல்வேலி. அங்கே ரயில் முடிந்துவிடும். பிறகு நாகர்கோவில் பஸ். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று வெயிலில் வறண்ட பூமி. காவல்கிணறு தாண்டி முப்பந்தலில் காற்று முகத்தில் அறையும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் பச்சை வயல், வாழை, குளம். நிறம் மாறுவதை ஒரு பஸ்ஸின் முன் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். டிரைவருக்கு இடப்பக்கம் எஞ்சின் பெட்டி. அதன் மேல் ஒரு மெத்தை. அம்மை கெஞ்சிக் கேட்டு என்னை அதில் உட்கார வைப்பாள். கீழே சுடும், எழுந்திருக்க மனசு வராது. டிரைவர் கிளச்சை இரண்டு தடவை மிதித்து கியர் மாற்றுவதை எண்ணிக்கொண்டே வருவேன். வள்ளியூருக்கு இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று கணக்கு.

மலையாளத்தில் ஸ்டியரிங்கை 'வளையம்' என்பார்கள். டிரைவர் வேலைக்கு 'வளையம் பிடிக்கிறது' என்று பேச்சு. அந்த வளையத்தைப் பிடிக்கிற கை யாருடைய கையாகவும் இருக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன எத்தனையோ பையன்கள் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, வீடு கட்டினார்கள். உங்கள் தெருவிலும் ஒருத்தர் இருப்பார்.

பிறகு அம்பாசடர் காலம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் என்ற பெயரில் செய்தது. ஐம்பதுகளின் கடைசியில் வந்த வண்டி, 2014 வரை ஓடியது. நாகர்கோவில் டாக்சி ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும். கல்யாணம், பிரசவம், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு அவசரம், எல்லாவற்றுக்கும் அதுதான். ரயில் இல்லாத ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு உயிரைக் காப்பாற்ற வேறு வழி கிடையாது. பிளஷர் என்ற பெயர் அங்கேதான் மெதுவாக மறைந்தது என்று நினைக்கிறேன். பிரசவ வலியோடு போகிறவளுக்கு அது என்ன பிளஷர்?

நான் எழுபதுகளில் அரசு வேலையில் சேர்ந்தேன். கிளார்க். அலுவலக ஜீப்பின் லாக் புத்தகம் எழுதுவது என் பொறுப்பு. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், எரிபொருள், பயணத்தின் நோக்கம். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்த ஜீப்பின் டிரைவர் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் டாக்சியில், ஆள் இல்லாத தோவாளை ரோட்டில். சொந்தமாக வாங்கியது 1994ல், செகண்ட் ஹேண்ட் பிரீமியர் பத்மினி. பழைய ஃபியட்தான், 1974ல் பெயர் மாறியது. கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். ரிவர்ஸ் எடுக்க ஒரு தனி வித்தை வேண்டும்.

இப்போது மகன் சொல்கிறான், "அப்பா, இந்த வயசுல எதுக்கு? வித்துருவோம். வேணும்னா போன்ல வண்டி கூப்பிட்டுக்கலாம்." அவன் சொல்வதில் தப்பில்லை. கண்ணில் ஒரு ஆபரேஷன் முடிந்தது, இன்னொன்று பாக்கி. லைசென்ஸ் வருகிற ஆண்டு முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். வண்டியை வாங்கிக்கொள்ள ஒரு மெக்கானிக் பையன் தயாராக இருக்கிறான். விலையைப் பற்றி நான் பேசவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த பையன், அது போதும்.

அவனுக்கு வெறும் இரும்பைக் கொடுத்தால் போதாது என்று தோன்றியதால் இதை எழுதினேன். ஒரு சாலையில் யார் போகலாம் என்று சண்டை நடந்த ஊர் இது. ரயில் வராத ஊர் இது. அதனால் இங்கே சக்கரம் என்றால் கௌரவம் மட்டும் இல்லை, போகிற உரிமை. பாட்டி வெத்திலைப் பெட்டியில் வைத்திருந்தது அதைத்தான்.

இனிமேல் எனக்கு டவுன் பஸ். என் மனைவிக்கு 2021லிருந்து அதில் டிக்கெட் கிடையாது, எனக்கு உண்டு. கன்னியாகுமரி பஸ்ஸில் முன்பக்கம் இடம் கிடைத்தால் சுசீந்திரம் வரைக்கும் கியரை எண்ணிக்கொண்டு போகலாம்.