விளையாட்டுச் சமநிலை (பாத்திரமேற்பு விளையாட்டுகள்)

விளையாட்டுச் சமநிலை என்பது, ஒரு விளையாட்டின் விதிகள் அதில் பங்குகொள்ளும் எவரையும் தேவையற்றவராக ஆக்கிவிடாதவாறு அமைந்திருக்கும் நிலையைக் குறிக்கும். சதுரங்கத்தில் இரு தரப்பினருக்கும் ஒரே வகைக் காய்கள் கிடைப்பதால் இதனை விளங்கிக்கொள்வது எளிது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் கனவுருப்புனைவுப் பாத்திரமேற்பு விளையாட்டுகளிலோ ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. ஒரே குழுவாகச் செயற்படுகின்றனர். பொதுவாக, வென்றவர் தோற்றவர் என்ற முடிவும் இல்லை. ஆகவே எவற்றுக்கிடையே, எவ்வளவு காலத்துக்குச் சமநிலை வேண்டும் என்பதே விவாதத்துக்கு உரியதாகிறது. இவ்விவாதத்தின் மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டில் போர்வீரருக்கும் மந்திரவாதிக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு ஆகும்.

ஆடும் முறை

ஆட்டக்காரர்களுள் ஒருவர் நடுவராக இருந்து கதைக்களத்தையும் எதிரிகளையும் விவரிப்பார். இவர் 'டஞ்சன் மாஸ்டர்' எனப்படுகிறார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்றுக்கொண்டு, அம்மாந்தர் செய்வதைச் சொல்வர். செயலின் விளைவு உறுதியற்றதாயின் பகடை உருட்டப்படும். ஒவ்வொரு மாந்தருக்கும் போர்வீரர், மந்திரவாதி, திருடர் போன்ற ஒரு வகுப்பும், பட்டறிவுப் புள்ளிகள் சேரச் சேர உயரும் ஒரு நிலையும் உண்டு.

தொடக்ககால அமைப்பு

இவ்விளையாட்டு 1974 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. கேரி கைகாக்சு, டேவ் ஆர்ன்சன் ஆகியோர் இதனை உருவாக்கினர். கைகாக்சும் ஜெஃப் பெர்ரனும் எழுதி 1971 இல் வெளிவந்த 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டின் விதிகள் இதற்கு முன்னோடியாகும். ஒரு மந்திரத்தை முன்கூட்டியே மனத்தில் பதித்து, பயன்படுத்தியதும் மறந்துவிடும் முறை, எழுத்தாளர் ஜாக் வான்சின் புனைகதைகளிலிருந்து பெறப்பட்டது.

1978 இல் வெளியான மேம்பட்ட பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் சமநிலை காலத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. முதல் நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம் மட்டுமே கிடைக்கும். அவர் கவசம் அணிய இயலாது. அவருடைய உயிர்ப்புள்ளிகள் நான்கு முகப் பகடையாலும் போர்வீரருடையவை பத்து முகப் பகடையாலும் முடிவாகும். மந்திரம் ஓதும்போது அடிபட்டால் அம்மந்திரம் வீணாகும். இரண்டாம் நிலையை அடையத் திருடருக்கு ஏறத்தாழ 1,250 பட்டறிவுப் புள்ளிகளும், போர்வீரருக்கு 2,000 புள்ளிகளும், மந்திரவாதிக்கு 2,500 புள்ளிகளும் தேவைப்பட்டன. தொடக்கத்தில் நலிந்திருந்து, உயிர்பிழைத்தால் பின்னர் வலிமை பெறுவது மந்திரவாதியின் இயல்பாக இருந்தது.

வளர்ச்சி வேறுபாடு

போர்வீரரின் நீள்வாள் ஓர் எட்டு முகப் பகடை அளவே சேதம் விளைவிக்கும்; அதன் சராசரி 4.5 ஆகும். 1978 விதிகளின்படி அவர் ஏழாம் நிலையில் இரு சுற்றுகளுக்கு மூன்று முறையும், பதின்மூன்றாம் நிலையில் சுற்றுக்கு இரு முறையும் தாக்கலாம். 'தீப்பந்து' மந்திரமோ மந்திரவாதியின் நிலை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆறு முகப் பகடை வீதம் சேதம் தந்தது. ஐந்தாம் நிலையில் இதன் சராசரி 17.5, பத்தாம் நிலையில் 35. இச்சேதம் ஒருவருக்கு மட்டுமன்றி அப்பரப்பில் நிற்கும் அனைவருக்கும் உரியது. நிலை உயரும்போது மந்திரங்களின் எண்ணிக்கையும் வகையும் உடன் உயர்கின்றன. இதனாலேயே 'போர்வீரர் நேர்கோட்டில் வளர்கிறார், மந்திரவாதி இருபடியாக வளர்கிறார்' என்னும் தொடர் ஆட்டக்காரர்களிடையே வழங்கலாயிற்று.

சேதத்தைக் காட்டிலும் முதன்மையானது செயல்களின் பரப்பு ஆகும். பறத்தல், மறைதல், தொலைவிடத்துக்கு நொடியில் பெயர்தல் ஆகியவை மந்திரவாதிக்கு இயலும். பூட்டைத் திறக்கும் மந்திரம் திருடரின் தனித்திறனையே தேவையற்றதாக்கக்கூடும். அந்நிலையில் திருடராக ஆடுபவர் மாலை முழுவதும் மேசையில் அமர்ந்திருந்தும் கதையின் போக்கை மாற்றும் வாய்ப்பைப் பெறுவதில்லை.

மூன்றாம் பதிப்பு

விசார்ட்சு ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1997 இல் இவ்விளையாட்டை வெளியிட்டு வந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தை வாங்கியது. ஜோனத்தன் ட்வீட், மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்சு ஆகியோர் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு 2000 ஆம் ஆண்டு வெளிவந்தது. இதில் எல்லா வகுப்புகளுக்கும் ஒரே பட்டறிவு அட்டவணை வகுக்கப்பட்டது. எளிமைக்காகச் செய்யப்பட்ட இம்மாற்றம், மந்திரவாதி மெதுவாக உயர்வார் என்ற பழைய தடையை நீக்கியது. எதிரியின் அருகில் நின்றும் கவனமாக மந்திரம் ஓதும் விதி மற்றொரு தடையைத் தளர்த்தியது.

எதிரிகளின் வலிமையை எண்ணால் குறிக்கும் 'அறைகூவல் மதிப்பு' இப்பதிப்பில் அறிமுகமானது. மதிப்புக்கு இணையான நிலையிலுள்ள நால்வர் குழு, அத்தகைய ஒரு சண்டையில் தன் வளங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடும் என்பது எதிர்பார்ப்பு. அதாவது, நாளொன்றுக்கு நான்கு சண்டைகள் வரை நிகழும் என விதிகள் கருதின. ஒரே சண்டையில் எல்லா மந்திரங்களையும் செலவிட்டுவிட்டு உறங்கச் செல்லும் குழுவில் இக்கணக்கு பொய்த்துவிடும். வாளுக்கு நாள் வரம்பு இல்லை என்ற போர்வீரரின் நன்மையும் அங்குப் பயனற்றதாகிறது.

நான்காம் பதிப்பு

2008 இல் வெளியான நான்காம் பதிப்பு இச்சிக்கலை நேரடியாகத் தீர்க்க முற்பட்டது. விரும்பியபோதெல்லாம், சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை எனப் பயன்படுத்தத்தக்க ஆற்றல்கள் தொடக்க வகுப்புகள் அனைத்துக்கும் ஒரே ஒழுங்கில் வழங்கப்பட்டன. காப்பவர், தாக்குபவர், வழிநடத்துபவர், கட்டுப்படுத்துபவர் என நான்கு பணிகள் வரையறுக்கப்பட்டன. சமநிலை பெரிதும் மேம்பட்டது என ஒரு சாராரும், வகுப்புகளின் தனித்தன்மை குன்றியது என மற்றொரு சாராரும் கருதினர். பைசோ நிறுவனம், மூன்றாம் பதிப்பின் திருத்தப்பட்ட விதிகளைத் திறந்த உரிமத்தின் கீழ்ப் பயன்படுத்தி, 2009 இல் 'பாத்ஃபைண்டர்' விளையாட்டை வெளியிட்டது.

ஐந்தாம் பதிப்பு

2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இடைவழியைத் தேர்ந்தது. தொடர்ந்து கவனம் செலுத்த வேண்டிய மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நிலைநிறுத்தலாம். தீப்பந்தின் சேதம் மந்திரவாதியின் நிலையோடு தானாக வளர்வதில்லை. மூன்றாம் படி மந்திரமாக ஓதினால் எட்டுப் பகடைகள், உயர்ந்த படியொன்றுக்கு மேலும் ஒரு பகடை என வரையறுக்கப்பட்டது. ஆயினும் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுச் சண்டைகள் என்ற மதிப்பீட்டை நடுவர் கையேடு கொண்டிருந்ததால் பழைய சிக்கல் முற்றிலும் நீங்கவில்லை. 2024 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் போர்வீரர் உள்ளிட்ட சில வகுப்புகளுக்குப் படைக்கலத் தேர்ச்சிப் பண்புகள் சேர்க்கப்பட்டன.

விதிகளைப் பொருள்கொள்ளல்

விதியின் சொல்லையே பின்பற்ற வேண்டுமா, அதன் நோக்கத்தைப் பின்பற்ற வேண்டுமா என்பது மற்றொரு விவாதமாகும். இத்தகைய ஐயங்களுக்கு விடையளிக்க 'டிராகன்' இதழில் 1979 ஆம் ஆண்டு முதல் தனிப்பகுதி இருந்தது. சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு வாதிடுபவர் 'விதி வழக்கறிஞர்' எனக் கேலியாக அழைக்கப்படுவதுண்டு.

இதற்குப் பரவலாகக் கூறப்படும் எடுத்துக்காட்டு உழவர் வரிசை ஆகும். ஐந்து அடிக்கு ஒருவராக 2,000 உழவர்கள் நின்று ஓர் ஈட்டியைக் கைமாற்றுவதாகக் கொள்வோம். ஒரு சுற்று ஆறு நொடிகள். ஒவ்வொருவரும் அச்சுற்றிலேயே ஈட்டியைக் கொடுத்துவிட்டால், அது ஆறு நொடிகளில் 10,000 அடி, அதாவது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் செல்லும். எனவே அது பெருஞ்சேதம் விளைவிக்கும் என்பது வாதம். ஆனால் வேகத்துக்கேற்பச் சேதம் கூடும் என விதியில் இல்லை. ஈட்டி விரைவதற்கு விதியையும், அது தாக்குவதற்கு இயற்பியலையும் துணைக்கழைப்பதே இவ்வாதத்தின் குறை. விளையாட்டு விதிகள் இயற்பியல் விதிகள் அல்ல என 2024 ஆம் ஆண்டு நடுவர் கையேடு தெளிவுபடுத்துகிறது.

மாறுபட்ட கருத்துகள்

விதியில் குறை இருப்பினும் நடுவர் அதனைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஒரு கருத்து. சரிசெய்ய வேண்டியிருப்பதே குறை உள்ளது என்பதற்குச் சான்று என்பது மறுப்பு. நடுவரின் திருத்தம் ஒரு மேசைக்கு மட்டுமே உதவும். நூலை வாங்கும் புதிய குழுவுக்கு அது கிடைப்பதில்லை.

வலிமை சமமாக இருப்பதைவிட, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கதையின் கவனம் கிடைப்பதே சமநிலை எனக் கருதுவோரும் உளர். அவர்கள் பார்வையில், நலிந்த மாந்தரின் முடிவும் கதையைத் திருப்புமாயின் அங்குச் சமநிலை உள்ளது. எத்தனை சண்டைகள், எவ்வளவு ஓய்வு, எந்த நிலை வரை ஆட்டம் என்பவற்றைத் தொடக்கத்திலேயே குழு பேசி முடிவு செய்வது இதற்கான நடைமுறை வழியாகும். மேற்கண்ட பதிப்புகளின் கணக்குகள் பலவும் இவ்வெண்ணிக்கைகளையே சார்ந்துள்ளன.