இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வழியும் மீட்சியும்: சான்றுகள் சொல்வது என்ன?

முன்னுரை

1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சிறிய உலோகப் பந்தையும் எலும்புச் சிமெண்ட்டால் பொருத்தத் தொடங்கினார். இன்றைய இடுப்பு மூட்டு மாற்று அறுவை அங்கிருந்தே கிளைத்தது. 2007இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு மீள்பார்வைக் கட்டுரை இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே அழைத்தது. அதே இதழில் 2019இல் வெளியான தொகுப்பாய்வு, பொருத்தப்பட்ட மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் வரை நிலைத்திருப்பதாகக் கணித்தது. மூட்டு எத்தனை காலம் உழைக்கும் என்ற பழைய கவலை இவ்வாறு பெருமளவு தணிந்த பின், எந்தப் பக்கமாக உள்ளே சென்று மூட்டை மாற்றினால் நோயாளி விரைவில் எழுந்து நடப்பார் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. முன்பக்கமாகச் செய்யும் அறுவையைத் 'தசையை வெட்டாத சிகிச்சை' என்று மருத்துவமனைகள் விளம்பரப்படுத்துகின்றன. நோயாளிகளும் அறுவை வழியின் பெயரைச் சொல்லியே மருத்துவரைத் தேடுகிறார்கள். வழிகளுக்கு இடையே வேறுபாடு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துபோவது; நீண்டகாலப் பயனையும் மீட்சியின் வேகத்தையும் தீர்மானிப்பவை அறுவையாளரின் தேர்ச்சியும், திசுக்களைக் கையாளும் விதமும், அறுவைக்கு முன்னும் பின்னும் அமையும் பராமரிப்பு முறையுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மூன்று வழிகள்

இன்று பெரிதும் வழக்கில் இருப்பவை பின்வழி, பக்கவழி, முன்வழி என மூன்று. 1950களில் அமெரிக்காவின் ஆஸ்டின் மூர் பரப்பிய பின்வழியில், பிட்டப் பெருந்தசையின் நார்கள் பிரிக்கப்படுகின்றன. தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகள் எலும்பிலிருந்து கழற்றப்பட்டு, மூட்டு உறை பின்பக்கமாகத் திறக்கப்படுகிறது. நடக்கும்போது இடுப்பைச் சாயவிடாமல் தாங்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசை தொடப்படுவதில்லை. 1982இல் கெவின் ஹார்டிங் விவரித்த பக்கவழியில் நிலைமை தலைகீழ்: அந்தத் தாங்கு தசையின் முன்பகுதியே எலும்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, இறுதியில் மீண்டும் தைக்கப்படுகிறது. சார்ன்லி தம் காலத்தில் இதையும் தாண்டி, அத்தசை ஒட்டியிருக்கும் எலும்பு முனையையே அறுத்தெடுத்துப் பின்னர் கம்பியால் கட்டினார். முன்வழியும் புதியதல்ல. ஜெர்மனியின் கார்ல் ஹூட்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த அதை, 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஸ்மித்-பீட்டர்சனும் பாரிஸில் ழூடேயும் வளர்த்தெடுத்தனர். 2000க்குப் பின் தனிவகை அறுவை மேசையின் துணையோடு ஜோயல் மாட்டா அமெரிக்காவில் பரப்பினார். இதில் கத்தி இரு தசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் செல்கிறது. கொள்கை அளவில் எந்தத் தசையையும் எலும்பிலிருந்து கழற்றத் தேவையில்லை.

கொள்கையும் நடைமுறையும் ஒன்றல்ல என்பதை மெனெகினி குழுவினர் 2006இல் வெளியிட்ட உடற்கூற்று ஆய்வு காட்டியது. ஆறு சடலங்களில் ஒரு பக்கம் முன்வழியும் மறுபக்கம் சிறு கீறல் பின்வழியும் செய்து தசைச் சேதத்தை அளந்தபோது, முன்வழியில் டென்சர் ஃபாசியா லாட்டா என்ற தசை சராசரியாக 31 விழுக்காடு சேதமடைந்திருந்தது. தொடை எலும்பை மேலே தூக்கிக் கொண்டுவருவதற்காக, பாதி இடுப்புகளில் வெளிப்புறம் திருப்பும் தசைநாண்களும் அறுபட்டிருந்தன. மறுபுறம், பெர்கின் குழுவினர் 2011இல் நோயாளிகளின் இரத்தத்தில் தசைக் காயத்தைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் அளவைப் பார்த்தபோது, அறுவை முடிந்த உடனே பின்வழியினரிடம் அது முன்வழியினரைவிட 5.5 மடங்கு உயர்ந்திருந்தது. முதலாவது ஆய்வு எந்தத் தசை எவ்வளவு கிழிந்தது என்பதைப் பார்த்தது. இரண்டாவது உடல் மொத்தமாகப் பெற்ற தசைக் காயத்தின் வேதிச் சுவட்டைப் பார்த்தது. எந்த வழியும் தசைக்குச் சேதமின்றி நிகழ்வதில்லை, சேதத்தின் இடமும் அளவும் மட்டுமே மாறுகின்றன என்பதே இரண்டையும் சேர்த்துப் படிப்போர் எட்டும் முடிவு.

மீட்சியின் கால அளவு

நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகளில் ஒரே வகையான கோலம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பாரெட் குழுவினர் 2013இல் 87 பேரிடம் நடத்திய ஆய்வில், முன்வழியினர் முதல் வாரங்களில் வலி குறைவாகவும் நடை மேம்பட்டும் இருந்தனர். ஓராண்டு முடிவில் இரு குழுக்களும் ஒன்றாகிவிட்டன. மேயோ கிளினிக்கில் டான்டன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்வழியினர் நடைத் துணைக் கருவிகளை முழுவதுமாக ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே கைவிட்டனர். இரண்டு மாதங்களில் அந்த இடைவெளி மறைந்தது. கீறலின் நீளம் பற்றிய கதையும் இதுவே. பெல்ஃபாஸ்டில் 219 பேரிடம் 10 சென்டிமீட்டர் கீறலையும் 16 சென்டிமீட்டர் கீறலையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வு, தொடக்கக்கால மீட்சியில் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. தழும்பு சிறியதாவதால் மட்டும் உள்ளே நடக்கும் வேலை சிறியதாகிவிடுவதில்லை.

இந்தக் கோலத்துக்கு விலக்கு ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு எல்லா வழிகளும் ஒன்றே என்று முடிப்பது நேர்மையாகாது. நார்வேயில் ஆம்லி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவழியில் அறுவை செய்துகொண்டோர் நொண்டி நடப்பதாகச் சொன்னது மற்ற இரு வழியினரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இங்கிலாந்துத் தேசிய மூட்டுப் பதிவேட்டிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்த பகுப்பாய்வும் பக்கவழியின் விளைவுகள் பின்வழியைவிடப் பின்தங்கியிருப்பதையே காட்டியது. காரணம் உடற்கூற்றிலேயே இருக்கிறது: நடையைத் தாங்கும் தசையை எலும்பிலிருந்து விடுவித்துத் தைக்கும்போது, தையல் முழுமையாக ஒட்டாவிட்டாலோ அத்தசையின் நரம்பு பாதிக்கப்பட்டாலோ விளைவு ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. ஆகவே வழிகளிடையே நிலைத்து நிற்கும் ஒரு பிளவு இருந்தால், அது விளம்பரங்கள் சொல்லும் முன்வழிக்கும் பின்வழிக்கும் இடையே அல்ல. தாங்கு தசையைத் தொடும் வழிக்கும் தொடாத வழிகளுக்கும் இடையேதான்.

சிக்கல்கள்: கையும் காலமும்

பின்வழிக்கு எதிரான மிகப் பழைய குற்றச்சாட்டு மூட்டு நழுவல். முழங்காலை உயர்த்தி உட்புறம் திருப்பும்போது பந்து கிண்ணத்தைவிட்டுப் பின்னால் நழுவுகிறது. பின்பக்க உறை திறந்தே விடப்பட்ட காலத்தில் இது கணிசமாக நடந்தது. 1998இல் பெல்லிச்சி குழுவினர் இரு அறுவையாளர்களின் நோயாளிகளை ஒப்பிட்டுக் காட்டியது இந்த விவாதத்தில் ஒரு திருப்பம். உறையையும் சிறு தசைகளையும் எலும்போடு மீண்டும் தைத்த பின், நழுவல் ஒருவரிடம் 4 விழுக்காட்டிலிருந்து பூஜ்யத்துக்கும், மற்றவரிடம் 6.2இலிருந்து 0.8 விழுக்காட்டுக்கும் இறங்கியது. வழி மாறவில்லை; அறுவையின் இறுதியில் செய்யும் தையல் மட்டுமே மாறியது. அதற்குப் பின் வந்த பெரிய பந்துகளும், பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவு மூட்டுகளும் இந்த இடைவெளியை மேலும் குறுக்கின.

முன்வழியின் சிக்கல்கள் வேறு வகையானவை. தொடையின் வெளிப்புறத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு கீறலின் அருகே ஓடுவதால் மரத்துப்போதல் பலருக்கு வருகிறது. நடைக்கு அது பெரும்பாலும் இடையூறு செய்வதில்லை என்றாலும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லவேண்டிய செய்தி. தொடை எலும்புக்குள் செயற்கை மூட்டின் தண்டைப் பொருத்துவது இவ்வழியில் கடினம். எலும்பு விரிசலும் தண்டு தளர்தலும் இங்கே கவனத்துக்குரியவை. கனடாவின் ஒன்டாரியோவில் 30,098 நோயாளிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரை, ஓராண்டுக்குள் ஏற்பட்ட பெரும் அறுவைச் சிக்கல்கள் முன்வழியினரிடம் ஏறத்தாழ 2 விழுக்காடாகவும், ஒப்பிடத்தக்க பிறரிடம் 1 விழுக்காடாகவும் இருந்ததைக் கண்டது. ஆஸ்திரேலியப் பதிவேட்டை வைத்து 2015இல் டி ஸ்டைகர் குழுவினர் செய்த ஆய்வு இதற்கான விளக்கத்தைத் தருகிறது. ஓர் அறுவையாளரின் முதல் 15 முன்வழி அறுவைகளில் நான்காண்டு மறு அறுவை வீதம் 6 விழுக்காடு. 100ஐத் தாண்டியவர்களிடம் 2 விழுக்காடு. இந்த இடைவெளி மறைய 50 அல்லது அதற்கு மேற்பட்ட அறுவைகள் தேவைப்பட்டன.

மறுப்புகளும் விடைகளும்

ஒன்டாரியோ ஆய்வு சமவாய்ப்பு முறையில் செய்யப்படவில்லை. அறுவையாளரின் அனுபவ வேறுபாடே அங்கே முன்வழியின் குறையாகத் தோன்றியிருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். இந்த மறுப்பு நியாயமானது. ஆனால் அதை ஏற்றுக்கொள்வது இக்கட்டுரையின் வாதத்தையே வலுப்படுத்துகிறது. ஒரு வழியின் விளைவு அதைச் செய்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தே ஒன்றுக்கு இரண்டாக மாறுமானால், வழியின் பெயரைத் தனியே எடுத்துப் பேசுவதில் பொருளில்லை. சமவாய்ப்பு ஆய்வுகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அவற்றில் அறுவை செய்தவர்கள் அந்தந்த வழியில் கைதேர்ந்தவர்கள். அத்தகையோர் கைகளிலும் முன்வழி ஈட்டித் தந்தது சில வாரங்களே. புதிதாகக் கற்றுக்கொள்பவரின் கையில் அந்தச் சில வாரங்களுக்காக நோயாளி ஏற்கும் ஆபத்து மிகப் பெரிது.

இரண்டாவது மறுப்பு மனிதநேயம் சார்ந்தது. கூலி வேலைக்குப் போகிறவருக்கும், வீட்டில் துணையில்லாத முதியவருக்கும் ஒரு வாரம் என்பது சின்ன விஷயமா? அல்ல. எனினும் அந்த வாரத்தைச் சம்பாதிக்க இதைவிட வலிமையான கருவி இருக்கிறது. டென்மார்க்கில் ஹென்ரிக் கேலெட், ஹென்ரிக் ஹூஸ்டெட் முதலியோர் முன்னெடுத்த விரைவு மீட்சித் திட்டம், இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் காலத்தை 2000இல் இருந்த 10, 11 நாள்களிலிருந்து 2009இல் 4 நாள்களாகக் குறைத்தது. அங்கே இடுப்பு அறுவைகளில் பின்வழியே பெரும்பான்மை. அந்த வழி மாறவில்லை. முதுகுத்தண்டு மயக்கம், ஓபியாய்டு மருந்தைக் குறைத்துப் பலவகை மருந்துகளால் வலியைக் கட்டுப்படுத்துதல், அறுவை நாளன்றே எழுந்து நடக்கச் செய்தல், வடிகுழாயையும் சிறுநீர்க் குழாயையும் இயன்றவரை தவிர்த்தல், வீடு திரும்பும் நாளை நோயாளிக்கு முன்பே விளக்கிவிடுதல் ஆகியவையே அங்கு மாறியவை. வழிகளிடையே ஒரு வாரத்தைத் தேடும் விவாதம், எல்லா வழியினருக்கும் ஒரு வாரத்தை மிச்சப்படுத்திய இந்தப் பாடத்தை ஓரமாக ஒதுக்கிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு நம் வாழ்க்கைமுறையிலிருந்து எழக்கூடியது. தரையில் சம்மணமிட்டு உட்கார்வதும் குந்தி அமர்வதும் வழக்கமான ஊர்களில், பின்பக்கம் நழுவும் அச்சம் குறைந்த முன்வழியே பொருத்தமானது என்பர். ஆனால் சம்மணத்தில் தொடை வெளிப்புறம் திரும்புகிறது. பின்வழி மூட்டு நழுவும் நிலையோ தொடை உட்புறம் திரும்புவது. ஆகவே சம்மணத்தையும் குந்தலையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது பிழை. ஆழ்ந்து குந்தும்போது மூட்டு இடித்துக்கொள்ளுமா என்பதைக் கிண்ணத்தின் சாய்வும், பந்தின் அளவும், தொடை எலும்புத் தண்டின் கோணமும் தீர்மானிக்கின்றன. முன்வழியில் நழுவல் முற்றிலும் இல்லாமல் போவதுமில்லை. காலைப் பின்னுக்கு நீட்டி வெளிப்புறம் திருப்பும்போது பந்து முன்பக்கமாக நழுவக்கூடும். வயிற்றுச் சதை மடிந்து விழும் பருமனானவர்களுக்கு, கவட்டை ஒட்டிய முன்வழிக் கீறலில் புண் ஆறாமைக்கான வாய்ப்பும் கூடுகிறது. தரையில் அமரும் உரிமையை வழியின் பெயர் தராது. பொருத்துதலின் துல்லியமே தரும்.

முடிவுரை

இந்தச் சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பக்கவழியை வழக்கமாகப் பின்பற்றும் மையங்கள் தங்கள் நோயாளிகளின் நடையை முறையாக அளந்து, தாங்கு தசைக்கு நேரும் இழப்பை மறுபரிசீலனை செய்யவேண்டும். இரண்டாவது, முன்வழிக்கு மாற விரும்பும் அறுவையாளர்கள் சடலப் பயிற்சியோடும் மூத்தவரின் நேரடி மேற்பார்வையோடும் கற்றல் காலத்தைக் கடக்கவேண்டும். அந்தக் காலத்தின் சுமையை எதுவுமறியாத நோயாளி மீது ஏற்றுவது அறமாகாது. மூன்றாவது, விரைவு மீட்சித் திட்டத்தின் கூறுகளை எந்த வழியைப் பின்பற்றும் மருத்துவமனையும் நடைமுறைப்படுத்தலாம். அதற்குத் தனி மேசையோ புதுக் கருவியோ தேவையில்லை. சுவீடன் 1979இலும் நார்வே 1987இலும் தொடங்கிய பதிவேடுகள்போல ஒவ்வொரு அறுவையின் விளைவும் பதிவானால்தான் இத்தகைய முடிவுகளை நம் நாட்டுச் சான்றுகளால் சோதிக்கமுடியும். அறுவைக்குத் தயாராகும் நோயாளி மருத்துவரிடம் கேட்கவேண்டியது, "எந்தப் பக்கமாகச் செய்வீர்கள்?" என்பது மட்டுமல்ல, "இந்த வழியில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்கள் இப்போது எப்படி நடக்கிறார்கள்?" என்பதே.