தாய்ப்பாலும் எச்.ஐ.வி.யும்: ஓர் அறிவுரை மாறிய வரலாறு

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர், 1780 செப்டம்பரில் ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படைகள் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்த களமாகவே வரலாற்று நூல்களில் பெரிதும் அறியப்படுகிறது. அத்தகைய ஊர்களின் பேறுகால வழக்கங்கள் போர்களைப் போல விரிவாக எழுதப்பட்டதில்லை. ஆயினும், நோய்த்தொற்றுள்ள தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவம் விடை தேடியபோது, அந்த வழக்கங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிரசவத்துக்குப் பின் ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்றிய ஒரு தாயின் குழந்தைக்கும் அத்தொற்று இருந்ததை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1985இல் வெளியிட்டனர். கருவிலோ பேற்றின்போதோ தொற்றியிருக்க வழியில்லாத நிலையில், பால் மட்டுமே எஞ்சிய பாதையாயிற்று. அடுத்த ஆண்டே சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முறையாக உறுதியானது. சிகிச்சை ஏதும் இல்லாவிடில், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு உள்ளாகலாம் என்றும், அவற்றில் 5 முதல் 20 வரை பாலூட்டலால் நேரலாம் என்றும் பின்னர் கணக்கிடப்பட்டது.

செல்வ நாடுகள் பாலூட்டலை உடனே விலக்கின. ஆனால் புட்டிப்பால் பாதுகாப்பானதாக இருக்க வேண்டுமாயின், மாதந்தோறும் பால்மாவு வாங்கப் பணமும், கொதிக்க வைத்த நீரும், வேளைதோறும் புட்டியைக் கொதிநீரில் இட்டெடுக்க விறகும் பொழுதும் வேண்டும். கிணற்று நீரையும் அன்றாடக் கூலியையும் நம்பிய வீட்டில் இவை ஒருசேரக் கிடைப்பது அரிது. மாற்றுப்பால் ஏற்கத்தக்கதாகவும், இயலக்கூடியதாகவும், வாங்கத்தக்க விலையிலும், தொடர்ந்து கிடைப்பதாகவும், தீங்கற்றதாகவும் இருந்தால் மட்டுமே தாய்ப்பாலைத் தவிர்க்கலாம் என உலக சுகாதார நிறுவனம் ஐந்து நிபந்தனைகளை வகுத்தது இதனாலேயே. 2006இல் போட்ஸ்வானாவில் பெருமழைக்குப் பின் பரவிய வயிற்றுப்போக்கில் புட்டிப்பால் குடித்த குழந்தைகளே மிகுதியாக மாண்டனர் என்பது அந்த எச்சரிக்கையைத் துயரமான முறையில் மெய்ப்பித்தது. தவிரவும், பிள்ளை பெற்றவள் பால் கொடுக்காதிருந்தால் ஊரார் காரணம் கேட்பர். அவள் மறைத்து வைத்த நோய் அந்தக் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

இவற்றினும் முக்கியமானது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அன்னா கூட்சூடிஸ் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு முடிவாகும். தாய்ப்பாலை மட்டுமே குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு நீரோ வேறு பாலோ சேர்த்துக் குடித்த குழந்தைகளுக்கே தொற்று அதிகமாக நேர்ந்தது. வேற்று உணவு குழந்தையின் மென்மையான குடற்சவ்வைப் புண்படுத்துவதால் வைரசுக்கு வழி திறக்கிறது என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். தமிழகத்தில் பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைக்கும் சேனையும், சீம்பாலைக் கறந்து ஊற்றிவிடுவதும், வசம்பு, சாதிக்காய், கடுக்காய் முதலியவற்றை உரைகல்லில் இழைத்துப் புகட்டும் உரைமருந்தும், சங்கில் புகட்டும் கழுதைப்பாலும் அன்பினால் செய்யப்படுபவையே. எனினும் டர்பன் ஆய்வின் வெளிச்சத்தில் நோக்கினால், தொற்றுள்ள தாயின் குழந்தைக்குப் பாட்டியார் ஊட்டும் அந்தச் சில துளிகளே கலப்பு உணவாகிவிடுகின்றன. தாயிடம் மட்டும் ஆலோசனை கூறுவது ஏன் போதாது என்பது இங்கு விளங்கும்.

மற்ற வைரசுகளுக்கு இவ்வளவு கடினமான விதி தேவைப்படவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுள்ள தாய், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப்படுமாயின் தாராளமாகப் பாலூட்டலாம். கொரோனா தொற்றிய தாயும் முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பாலூட்டுவதைத் தொடரலாம் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் தெளிவுபடுத்தியது.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை நிலைமையை மாற்றியவை மருந்துகளே. 1928இல் காசநோய் இல்லமாகத் தொடங்கி, பின்னர் எய்ட்ஸ் நோயாளிகளின் பெரும் புகலிடமாக விளங்கிய தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளுள் ஒன்று. முன்பு பேற்றின்போது தாய்க்கு ஒரே ஒரு வேளை நெவிராபின் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் குழந்தைக்குச் சில துளி மருந்தும் தரப்பட்டன. அவை பேற்றுநேர ஆபத்தைக் குறைத்தனவேயன்றி, பின்வரும் மாதங்களின் பாலுக்குக் காவலாகவில்லை. மருந்துக் காப்புடன் பாலூட்டலாம் என உலக சுகாதார நிறுவனம் 2010இல் அறிவித்தது. 2014 முதல் இந்தியாவில் தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சை விதியாயிற்று. நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் தாயின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைவதால், பாலிலும் அது வெகுவாகக் குறைகிறது. 2014ஆம் ஆண்டு விதிப்படி, குழந்தைக்குப் பிறந்தது முதல் ஆறு வாரம், தாய் சிகிச்சையைத் தாமதமாகத் தொடங்கியிருந்தால் பன்னிரண்டு வாரம், நெவிராபின் கரைசல் புகட்டப்பட்டது. ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தம் வடிதாள் அட்டையில் உலர்த்தப்பட்டு ஆய்வகத்துக்குச் செல்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் உடலில் ஓராண்டுக்கு மேலும் தங்கக்கூடும் என்பதால், இறுதி முடிவு 18 மாதத்துக்குப் பின், பாலூட்டல் நின்று மூன்று மாதம் கழிந்த நிலையிலேயே உறுதி செய்யப்படுகிறது.